கபடியில் தலையில் பட்ட அடி: ஐந்து மாதமாகியும் போகாத கிறுகிறுப்பும், கூடவே வந்த பயமும்

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். ஐந்து மாதத்துக்கு முன் பக்கத்து ஊர்ப் போட்டியில் ரெய்டு போனபோது கார்னரில் நின்றவரின் முழங்கால் நெற்றிப்பொட்டில் இடித்திருக்கிறது. பொறி கலங்கி, நம் பக்கக் கோடு எது என்றே அரை நிமிடம் தெரியவில்லை. அன்று ராத்திரியே சிடி ஸ்கேன் எடுத்து "எல்லாம் நார்மல்" என்று அனுப்பிவிட்டார்கள். ஆனால் இன்றுவரை தலைவலி, பைக்கில் சட்டென்று திரும்பிப் பார்த்தால் கிறுகிறுப்பு, போட்டித் தேர்வுக்குப் படிப்பது மண்டையில் நிற்காமை, படுத்தால் நெஞ்சு படபடப்பு. போனில் தேடி அமெரிக்க ஃபுட்பால் வீரர்களுக்கு வந்த மூளை நோயைப் பற்றிப் படித்த நாளிலிருந்து தூக்கமும் போச்சு. வீட்டில் மனப்பிரமை என்கிறார்கள். "இது காயமா, இல்லை என் பயமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்குள் இன்னொரு கேள்வியும் இருப்பதாக எனக்குப் படுகிறது. பழைய ஆளாக ஆவேனா, மறுபடி களத்தில் இறங்க முடியுமா என்பதுதான் அது. இரண்டுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

நான் பிசியோதெரபிஸ்ட். பதினேழு வருடமாக இந்த வேலை. வருபவர்களில் பாதிப் பேர் விளையாட்டில் அடிபட்டவர்கள், மீதிப் பேர் பைக்கிலிருந்து விழுந்தவர்கள். கல்லூரியில் நானும் லெஃப்ட் கார்னர் ஆடியவன்தான். ஆனால் மருத்துவர் அல்ல. மாத்திரை விஷயத்தில் நான் சொல்வதை வைத்து எதையும் தொடங்கவோ நிறுத்தவோ வேண்டாம். உங்களை நேரில் தொட்டுப் பார்க்காமல் எழுதுகிறேன் என்பதையும் மனதில் வையுங்கள். முதலில் ஒரு எச்சரிக்கை. தலைவலி நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போவது, திரும்பத் திரும்ப வாந்தி, ஒரு பக்கக் கை கால் பலவீனம் அல்லது மரத்துப்போதல், பேச்சு குழறுதல், வலிப்பு, எழுப்பினாலும் தெளியாத தூக்கக் கலக்கம், இரட்டையாகத் தெரிவது, மூக்கு அல்லது காது வழியாகத் தண்ணீர் போலத் திரவம் வடிவது, இதில் ஏதாவது ஒன்று இருந்தால் இந்தப் பதிலைப் படித்து முடிக்காமல் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். உங்கள் கேள்வியில் இவை எதுவும் இல்லை. இல்லை என்று வைத்துக்கொண்டு மேலே போகிறேன்.

கன்கஷன் என்பது மூளை குலுங்கியதால் அதன் வேலை கொஞ்ச நாள் தடுமாறுவது. சிடி ஸ்கேன் எடுப்பது ரத்தக்கசிவு இருக்கிறதா, எலும்பு உடைந்திருக்கிறதா என்று பார்க்கத்தான். வீட்டுச் சுவரில் விரிசல் இல்லை என்று மேஸ்திரி சொல்கிறார், ஆனால் உள்ளே கரண்ட் ஏறி ஏறி இறங்குகிறது, அந்த மாதிரி. குலுங்கிய நொடியில் மூளைச் செல்களுக்குள் உப்புகளின் சமநிலை கலைகிறது. பொட்டாசியம் வெளியே போகிறது, கால்சியம் உள்ளே வருகிறது. அதைச் சரிக்கட்டச் செல்களுக்கு நிறைய சக்தி தேவைப்படுகிறது, அந்த நேரம் பார்த்து ரத்த ஓட்டமும் குறைகிறது. அதனால்தான் முதல் சில நாள் மூளை எதற்கும் களைத்துப் போகிறது. மயங்கி விழுந்தால்தான் கன்கஷன் என்று நம் ஊரில் நினைக்கிறார்கள். அப்படியில்லை. நினைவு தப்பாமலே வருவதுதான் அதிகம். அரை நிமிடம் கோடு தெரியாமல் நின்றீர்களே, அதுவே போதும்.

பெரியவர்களில் பெரும்பாலானவர்களுக்கு இது இரண்டு வாரத்தில் தெளிந்துவிடும், இன்னும் சிலருக்கு ஒரு மாதம். விளையாட்டுக் கன்கஷன் பற்றி 2022ல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய சர்வதேச நிபுணர்கள், நான்கு வாரம் தாண்டியும் இருப்பதைத்தான் நீடிக்கும் அறிகுறிகள் என்று வகைப்படுத்தினார்கள். நீங்கள் அதைத் தாண்டி வந்துவிட்டீர்கள். ஆனால் மூளை ஐந்து மாதமாகச் சேதமாகிக்கொண்டே இருக்கிறது என்று இதற்கு அர்த்தம் இல்லை. முதல் நாள் தொடங்கிய அந்தக் கலக்கம் பெரும்பாலும் அடங்கியிருக்கும். அதே அடியில் உடன் பட்ட கழுத்து, உள்காது, கண், தூக்கம், மனசு என்று சில விஷயங்கள் ஒன்றையொன்று தூண்டிக்கொண்டு மிச்சம் நிற்கின்றன. என்னிடம் வருபவர்களிடம் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதைத்தான். அவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக வழி இருக்கிறது.

கழுத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் யாரும் பார்க்காத இடம் அதுதான். நெற்றியில் முழங்கால் இடித்துத் தலை பின்னால் போன வேகத்தை வாங்கியது கழுத்து. பிடரிக்குக் கீழே உள்ள மேல் கழுத்து மூட்டுகளும் சின்னத் தசைகளும் பிடித்துக்கொண்டால் வலி பிடரியில் கிளம்பி நெற்றிக்கும் கண்ணுக்குப் பின்னாலும் வந்து நிற்கும். போனைக் குனிந்து பார்த்தால், படித்துக்கொண்டே இருந்தால் கூடும். தலை நிற்கும் நிலையை மூளைக்குச் சொல்வதில் அந்தத் தசைகளுக்கும் பங்கு உண்டு. அவை தப்பாகச் சொன்னால் கிறுகிறுப்பும் வரும். கனடாவில் அறிகுறி தீராத 31 விளையாட்டு வீரர்களை வைத்து ஒரு ஆய்வு நடத்தினார்கள். கழுத்துக்கும் உள்காதுக்கும் சேர்த்துப் பயிற்சி கொடுத்த குழுவில் எட்டு வாரத்துக்குள் 73 சதவீதம் பேர் மறுபடி ஆட அனுமதி பெற்றார்கள். வழக்கமான ஓய்வும் பொதுவான உடற்பயிற்சியும் மட்டும் பெற்ற குழுவில் 7 சதவீதம். சின்ன ஆய்வுதான், அதை வைத்துச் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் நான் கையால் தொட்டுப் பார்த்தவர்களிடம் கண்டதும் இதற்கு ஒத்துத்தான் போகிறது.

அடுத்தது உள்காது. நாலு மாதமாகத் தலைசுற்றல் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு கல்லூரிப் பையன் என்னிடம் வந்தான். அவனும் கபடிதான். தாயத்துகூடக் கட்டியாகிவிட்டது. "எப்போ சுத்துது?" என்று கேட்டேன். படுக்கையில் வலது பக்கம் புரண்டால், மேலே பரணில் எதையாவது எடுக்க அண்ணாந்தால், சில நொடி மட்டும் உலகமே சுற்றுகிறது என்றான். உள்காதில் மணல் போலச் சின்னச் சுண்ணாம்புத் துகள்கள் உண்டு. தலையில் அடிபட்டால் அவை இடம் பெயர்ந்து, திருப்பத்தை உணரும் குழாய்க்குள் போய்விடும். தலையை ஒரு பக்கம் திருப்பி வேகமாகப் படுக்க வைத்துக் கண் துடிப்பதைப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். எப்ளி என்ற முறையில் தலையைப் படிப்படியாகத் திருப்பி அந்தத் துகள்களை வெளியே கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான். இரண்டாவது தடவை வந்தபோது அவனுக்குச் சுற்றல் இல்லை. தலைவலி இருந்தது, அது கழுத்திலிருந்து வந்தது, அதற்கு இன்னும் ஆறு வாரம் ஆனது. உங்களுக்கும் இதேதான் என்று சொல்லவில்லை. பைக்கில் திரும்பும்போது வருவது வேறு வகையாகவும் இருக்கலாம். தலை ஆடும்போது பார்வையை நிலையாக வைக்கிற திறன் குறைந்திருக்கலாம். அதற்குச் சுவரில் ஒரு எழுத்தை ஒட்டி, அதையே பார்த்தபடி தலையை இடவலமாக ஆட்டும் பயிற்சி இருக்கிறது. எந்த வகை என்று யாராவது சோதித்துப் பார்த்திருக்கிறார்களா என்பதுதான் நான் உங்களிடம் கேட்க விரும்புவது.

கண்ணும் ஒரு காரணமாக இருக்கலாம். பக்கத்தில் உள்ளதைப் படிக்க இரண்டு கண்ணும் உள்நோக்கித் திரும்ப வேண்டும். அது தளர்ந்தால் பத்து நிமிடம் படித்ததும் வரி கலங்கும், தலை வலிக்கும், நமக்கு ஞாபக சக்தி போய்விட்டது என்று தோன்றும். கண் மருத்துவமனையில் கண்ணாடிப் பவர் மட்டும் பார்க்காமல் இதையும் பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம் மாத்திரை. மெடிக்கலில் வாங்கிப் போட்டுக்கொண்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள், எத்தனை நாள் என்று எழுதவில்லை. பாராசிட்டமால் போன்ற சாதாரண வலி மாத்திரையையே மாதத்தில் 15 நாளும் அதற்கு மேலும், மூன்று மாதத்துக்கு மேல் போட்டால், மாத்திரையே தலைவலியை உண்டாக்கும். இரண்டு மூன்று மருந்து கலந்த மாத்திரைகளுக்கு அந்தக் கணக்கு 10 நாள்தான். நீங்கள் அந்தக் கணக்குக்குள் வருகிறீர்கள் என்றால் நரம்பியல் மருத்துவரிடம் முதலில் சொல்ல வேண்டியது அதைத்தான். முன்பே ஒற்றைத் தலைவலி இருந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். அடிக்குப் பிறகு அது கிளம்பிவருவது சகஜம், அதற்கு மருந்தும் உண்டு.

சரி, பயம். "காயமா பயமா" என்று எதிரெதிரே நிறுத்திக் கேட்டிருக்கிறீர்கள். அப்படிப் பிரிக்க முடியாது. பயம் உடம்பில் நடக்கிற விஷயம். இதயம் வேகமாக அடிக்கும், கழுத்துத் தசை இறுகும், மூச்சு மேலோட்டமாகும். மேல் மூச்சு வாங்கினாலே கிறுகிறுப்பு வரும், விரல் நுனி மரத்துப்போகும். கிறுகிறுப்பு வந்ததும் "ஐயோ, மூளை" என்று பயம் கூடும். தலையை அசைக்காமல், கூட்டத்துக்குப் போகாமல் ஒதுங்குவீர்கள். அசைக்காத தலை அசைவைத் தாங்கும் பழக்கத்தை இழக்கும். மூன்று மாதத்துக்கு மேல் இப்படிச் சுற்றிக்கொண்டே இருந்தால், உள்காது சரியான பிறகும் மிதப்பது போன்ற கிறுகிறுப்பு தனியாகவே நின்றுவிடுவது உண்டு. அது மருத்துவ உலகம் ஒப்புக்கொண்ட நோய்நிலை, அதற்கும் பயிற்சி, பேச்சு சிகிச்சை, மருந்து எல்லாம் இருக்கின்றன. ஆகவே வீட்டில் சொன்ன "மனப்பிரமை" தப்பு. ஆனால் மனநல மருத்துவரைப் பார்க்கச் சொன்னால் "அப்போ நான் பொய் சொல்றேனா" என்று கோபப்படுவதும் அதே தப்பின் இன்னொரு பக்கம். அடிக்கு முன்பே பதற்றம் உள்ளவர்களுக்கு அறிகுறிகள் நீடிக்க வாய்ப்பு அதிகம் என்பது நன்றாகத் தெரிந்த விஷயம்.

உங்கள் பதற்றத்துக்கு இன்னொரு வேரும் இருக்கிறது, அதை நீங்கள் ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிட்டீர்கள். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் போலீசோ ரயில்வேயோ கிடைக்கும் என்று ஆடிய ஆட்டம் இது. உங்களுக்கு நின்றுபோனது விளையாட்டு மட்டும் இல்லை, வீட்டுக்குக் கொடுத்த வாக்கும், சாயங்காலம் மண் தளத்தில் கூடும் செட்டும், ஊரில் இருந்த பெயரும் சேர்ந்து நின்றுபோயிருக்கிறது. எந்த ஸ்கேனும் இதைக் காட்டாது. அடிபட்டவர்களிடம் நான் பார்க்கும் சோர்வில் பாதி இங்கேதான் இருக்கிறது. ஆடாவிட்டாலும் களத்துக்குப் போய் ஸ்கோர் எழுதுங்கள், சின்னப் பையன்களுக்குக் கால் பிடி சொல்லிக் கொடுங்கள். முழுதாக அறுத்துக்கொண்டு வீட்டுக்குள் உட்காராதீர்கள்.

மறதி பற்றி ஒரு சின்ன விஷயம். அடிபட்டவர்கள், அடிக்கு முன் தங்களுக்குத் தலைவலியே வந்ததில்லை, எதையும் மறந்ததில்லை என்று நினைக்க ஆரம்பிக்கிறார்கள். ஆய்வாளர்கள் இதைக் கவனித்துப் பெயரே வைத்திருக்கிறார்கள். தூங்காத எந்த மனிதனுக்கும் படித்தது நிற்காது. சாவியை எங்கே வைத்தோம் என்று தேடுவதெல்லாம் இப்போது உங்களுக்கு மூளைச் சேதத்தின் சாட்சியாகத் தெரிகிறது. நீங்கள் வேலை தேடும் வயதில் தேர்வுக்குப் படிப்பவர், அதுவும் நான்கு மணி நேரம் தூங்குபவர். அதையும் கணக்கில் சேருங்கள்.

ஓய்வு விஷயத்தில் நானே தப்புச் செய்திருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில், கன்கஷன் என்றாலே இருட்டறை, போன் கூடாது, டிவி கூடாது, அறிகுறி போகும்வரை படுத்திரு என்று சொல்லி அனுப்பினேன். அப்போது அதுதான் பாடம். 2015ல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில், ஐந்து நாள் கடும் ஓய்வில் வைக்கப்பட்ட இளைஞர்கள், ஓரிரு நாள் மட்டும் ஓய்வெடுத்தவர்களைவிட அதிக அறிகுறிகளைச் சொன்னார்கள். இப்போதைய வழிமுறை முதல் 24 முதல் 48 மணி நேரம் ஓரளவு ஓய்வு, அதன்பின் லேசான நடை. பஃபலோ பல்கலைக்கழகத்தில் 103 பதின்பருவத்தினரைப் பிரித்துச் சோதித்து 2019ல் வெளியிட்டார்கள். அளவான ஏரோபிக் பயிற்சி செய்தவர்கள் தேற 13 நாள், வெறும் ஸ்ட்ரெச்சிங் செய்தவர்கள் தேற 17 நாள் என்பது நடுமதிப்பு. அது அடிபட்ட புதிதில் உள்ள பிள்ளைகளைப் பற்றியது. ஐந்து மாதம் ஆன பெரியவருக்கு ஆதாரம் அவ்வளவு உறுதியாக இல்லை, ஆனாலும் பயிற்சியின் பக்கம்தான் சாய்கிறது.

எப்படிச் செய்வது? வேகமாக நடந்தோ சைக்கிள் மிதித்தோ, எந்த இதயத்துடிப்பில் தலை கனக்க ஆரம்பிக்கிறது என்று ஒரு பிசியோவை வைத்துப் பாருங்கள். 140ல் என்றால் 115 முதல் 125க்குள் தினம் இருபது நிமிடம். செய்யும்போது அறிகுறி பத்துக்கு இரண்டு புள்ளிவரை ஏறி, ஒரு மணி நேரத்துக்குள் இறங்கினால் பயமில்லை, அது சேதத்தின் அடையாளம் அல்ல. அதற்கு மேல் ஏறினால் மறுநாள் கொஞ்சம் குறையுங்கள். நம் பையன்களுக்கு இந்த அளவுதான் வராது. நல்ல நாளில் பத்து ரவுண்டு ஓடிவிட்டு மூன்று நாள் படுப்பார்கள். தினம் ஒரே நேரத்தில் எழுவது, மதியத்துக்கு மேல் டீ காபி இல்லாமல் இருப்பது, குடிப்பழக்கம் இருந்தால் நிறுத்துவது, இவை எளிய விஷயங்கள்தான், விட்டுவிடாதீர்கள். ராத்திரி பதினொரு மணிக்கு மேல் அறிகுறிகளைத் தேடிப் படிப்பதை நிறுத்துவது எல்லாவற்றையும்விடக் கடினம், பலனும் அதில்தான் அதிகம்.

நீங்கள் பயந்து படித்த, அமெரிக்க ஃபுட்பால் வீரர்களுக்கு வந்த அந்த மூளைச் சிதைவு நோயின் பெயர் சி.டி.இ. குத்துச்சண்டைக்காரர்களிடம் இதைப்போல ஒன்றை 1928லேயே எழுதிவைத்தார்கள். 2002ல் இறந்த மைக் வெப்ஸ்டர் என்ற அமெரிக்க ஃபுட்பால் வீரரின் மூளையைப் பரிசோதித்த பென்னட் ஒமலு என்ற நோயியல் மருத்துவர் அதை மறுபடி உலகத்தின் பார்வைக்குக் கொண்டுவந்தார். உறுதியாகத் தெரிந்தது இவ்வளவு: அது இருக்கிறது, பல வருடம் திரும்பத் திரும்பத் தலையில் இடி வாங்கியவர்களோடு தொடர்புடையது, இறந்தபின் மூளையை வெட்டிப் பார்த்தால்தான் உறுதி செய்ய முடியும். நீங்கள் படித்த எண் 2017ல் பாஸ்டனிலிருந்து வந்தது. 111 தொழில்முறை அமெரிக்க ஃபுட்பால் வீரர்களின் மூளையில் 110ல் அது இருந்தது. ஆனால் அந்த மூளைகள் யாருடையவை? ஆள் மாறிப்போனதைப் பார்த்துச் சந்தேகப்பட்ட குடும்பங்கள் பெரும்பாலும் தானமாகக் கொடுத்தவை. வயிற்றுவலி வார்டில் போய் எண்ணிவிட்டு ஊரில் எல்லோருக்கும் வயிற்றுவலி என்று சொல்ல முடியுமா? அந்த ஆய்வில் இருந்தவர்கள் சராசரியாகப் பதினைந்து வருடம் ஆடியவர்கள். எத்தனை அடிக்கு மேல் ஆபத்து, யாருக்கு வரும், யாருக்கு வராது என்பதற்கு இன்றுவரை எண் எதுவும் கிடையாது. இரண்டு மூன்று கன்கஷன் வாங்கிய ஒருவருக்கு ஐந்தாம் மாதத்தில் வரும் தலைவலியையும் படபடப்பையும் வைத்து அந்த நோயை யாராலும் சொல்ல முடியாது. உங்களுக்கு இப்போது இருப்பவை எல்லாமே நான் மேலே சொன்ன சாதாரணக் காரணங்களால் வரக்கூடியவை.

மறுபடி ஆடுவது பற்றி நான் கொஞ்சம் கறாரான ஆள். அறிகுறி இருக்கும்வரை மேட் பக்கமே போகக்கூடாது. தெளியாத தலையில் இன்னொரு அடி விழுந்தால் தேறுவது இன்னும் நீளும், அரிதாக உயிருக்கே ஆபத்தாகும். கன்கஷனுக்குப் பின் களத்துக்குத் திரும்பியவர்களுக்குக் கால் காயங்கள் கூடுவதையும் ஆய்வுகள் காட்டுகின்றன. அறிகுறி போன பிறகு ஓட்டம், தனியாகக் கால்வேலை, யாரும் தொடாத ரெய்டு பயிற்சி, மருத்துவர் அனுமதித்த பின் பிடியோடு பயிற்சி, கடைசியாகப் போட்டி. ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள், உங்களுக்கு ஒரு வாரம் என்று நான் வைப்பேன். தலைக்குப் போடும் கேப் எதுவும் காப்பாற்றாது, மூளை மண்டைக்குள்ளேதான் குலுங்குகிறது. முன்பு இரண்டு தடவை இப்படி அடிபட்டதாகச் சொன்னீர்கள். ஒவ்வொரு தடவையும் லேசான அடிக்கே வந்து, தேற நாளும் கூடிக்கொண்டே போகிறது என்றால், விடுவதைப் பற்றி மருத்துவரோடு உட்கார்ந்து பேச வேண்டும். ஆஸ்திரேலிய பேட்ஸ்மேன் வில் புகோவ்ஸ்கி அப்படித்தான் இருபத்தேழு வயதில் ஆட்டத்தை விட்டார். இந்த முடிவை இந்த மாதமே எடுக்க வேண்டியதில்லை. தலை தெளிந்தபின் எடுக்கலாம்.

2020 டிசம்பரில் கான்பெராவில் ஜடேஜாவுக்கு ஹெல்மெட்டில் பந்து பட்டு, அவருக்குப் பதில் சாஹல் இறங்கி மூன்று விக்கெட் எடுத்தார். நம் நடராஜன் முதல் டி20 ஆடிய நாள் அது, நம்மில் பலர் பார்த்திருப்போம். மறுநாள் டீக்கடையில் பேச்சு முழுக்க ஆளை மாற்றியது நியாயமா என்பதுதான். தலையில் அடிபட்டவர் ஆடக்கூடாது என்று ஒரு விதி இருப்பதை யாரும் பேசவில்லை. நம் ஊர்க் கபடியில் இன்னும் முகத்தில் தண்ணீர் அடித்து "ஒண்ணுமில்லடா, எழுந்திரு" என்றுதான் அனுப்புகிறோம். நானும் அப்படி அனுப்பியிருக்கிறேன்.

எங்கே போவது என்று கேட்டிருந்தீர்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நரம்பியல் புறநோயாளிப் பிரிவு இருக்கும், அங்கே முதலில் காட்டுங்கள். காது மூக்கு தொண்டைப் பிரிவிலோ, தலைசுற்றல் பயிற்சி தெரிந்த பிசியோவிடமோ உள்காதையும் கழுத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். எல்லா பிசியோவுக்கும் அது தெரியாது, கேட்டுவிட்டே போங்கள். படபடப்புக்கும் தூக்கத்துக்கும் மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர் இலவசமாகப் பார்ப்பார். ராத்திரி பயம் தாங்காவிட்டால், அல்லது வாழ வேண்டுமா என்ற எண்ணம் ஒரு நொடி வந்தாலும், டெலி மனாஸ் 14416க்கு அழையுங்கள், தமிழில் பேசலாம். போவதற்கு முன் ஒரு வாரம் நோட்டில் எழுதுங்கள்: காலையில் தலைவலி பத்துக்கு எத்தனை, எத்தனை மணி நேரம் தூக்கம், எத்தனை மாத்திரை, படுக்கையில் எந்தப் பக்கம் புரண்டால் சுற்றுகிறது, எத்தனை நொடி. கடைசி இரண்டும் முக்கியம், மறக்காமல் எழுதிக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.